வைகாசியிலும் வற்றாத தண்ணீர்: திண்டுக்கல் பக்கம் கல்யாணத்துக்குக் கரை தேடிய ஒரு நாள்

என் மகள் காளீஸ்வரிக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை பாம்பன் பக்கத்துப் பையன், வேலை எங்கள் திண்டுக்கல்லில். சம்பந்தியம்மா நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தாலி ஏறும்போது தண்ணீர் கண்ணில் பட வேண்டும். அவர்கள் வீட்டில் எல்லாத் தாலியும் கடலைப் பார்த்துத்தான் ஏறியிருக்கிறதாம். திண்டுக்கல்லில் அப்படி இடம் அமையாவிட்டால் தங்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றும், பாதிச் செலவைத் தாங்களே ஏற்பதாகவும் சொன்னார். தங்கமான மனுஷி.

ஆனால் என் மனைவி பேச்சியம்மாளுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அரை மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்கார்ந்தால் இரண்டு காலும் மரத்துப்போகும். பாம்பனுக்கு நான்கு மணி நேரம். அங்கே கல்யாணம் என்றால் பெற்றவள் இங்கே கட்டிலில் கிடப்பாள். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. "நீங்க போய் நடத்திட்டு வாங்க, நான் போன்ல பாத்துக்கிறேன்" என்றாள்.

ஆகவே எனக்கு வேண்டியது இதுதான். வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் ஒரு மண்டபம், பக்கத்தில் தண்ணீர், வாடகை நாற்பதாயிரத்துக்குள். கடலும் ஆறும் இல்லாத ஊரில் இதே மாதிரி தேடுகிறவர்கள் இருப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் எழுத்துக் கற்றுக்கொண்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. நோட்டில் இதை எழுத ஒன்பது நாள் ஆனது. மகள் போனில் ஏற்றித் தந்தாள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரம், தூரம், காசு மூன்றிலும் பிழை இருக்காது.

பொங்கல் முடிந்த அடுத்த புதன்கிழமை, காலை 7.10க்குக் கிளம்பினேன். ஆட்டோ ஜாபர் பாயுடையது. பேச்சியம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருகிறவர் அவர்தான். எந்தக் குழியில் அவளுக்கு வலிக்கும் என்று அவருக்கு மனப்பாடம். நாள் முழுவதற்கும் 1,400 ரூபாய் பேசினோம். வழியில் ஒவ்வொரு மைல்கல்லையும் சத்தமாக வாசித்துக்கொண்டே போனேன். மூன்றாவது கல்லில் பாய், "அண்ணே, நான் இருபது வருசமா இந்த ரோட்லதான் ஓட்டுறேன்" என்றார். பிறகு மனதுக்குள் வாசித்தேன்.

முதலில் நத்தம் சாலை. 14 கிலோமீட்டர், 27 நிமிடம். மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு ரிசார்ட். ஏரிக்கரைத் திருமணம் என்று வாசலில் பெரிய போர்டு, அதையும் நானே வாசித்தேன். உள்ளே போனால் நீல டைல்ஸ் பதித்த ஒரு தொட்டி, நடுவில் சிமெண்ட் கொக்கு. கல்யாணத்துக்கு முதல் நாள் லாரியில் தண்ணீர் வாங்கி நிரப்புவார்களாம். வாடகை 1,85,000 ரூபாய். மேனேஜர் மரியாதையான பையன். எங்கள் இரண்டு பேருக்கும் காப்பி வாங்கித் தந்தார், காசு வாங்கவில்லை. வெளியே வந்ததும் பாய், "இதுக்கு நம்ம மாடித் தொட்டியில ரெண்டு தாமரைய விட்டா முடிஞ்சுபோச்சு" என்றார். வசதி உள்ளவர்களுக்கு நல்ல இடம். அறைகள் சுத்தமாக இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும்.

திண்டுக்கல்லுக்குத் திரும்பி இட்லி சாப்பிட்டுவிட்டு (இரண்டு பேருக்கு 110 ரூபாய்) மதுரை சாலையில் சின்னாளபட்டிப் பக்கம் போனோம். வீட்டிலிருந்து 12 கிலோமீட்டர், 22 நிமிடம். அங்கே ஒரு குளத்தின் கரையிலேயே மண்டபம். குளம் நிறைந்து கிடந்தது. காற்றில் சின்னச் சின்ன அலை, நாரை, முக்குளிப்பான் எல்லாம் உண்டு. மணவறைக்கு நேர் எதிரே தண்ணீர். வாடகை 38,000. நின்ற இடத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. வைகாசியில் ஒரே ஒரு முகூர்த்தம்தான் மிச்சம் இருக்கிறது, இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், மதியத்துக்குள் ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்தால் பெயர் எழுதிவிடலாம் என்றார் பொறுப்பாளர். பையைத் திறந்து பணத்தைக் கையில் எடுத்துவிட்டேன்.

கொடுக்கும் முன் கால் நனைத்துவிட்டு வரலாம் என்று இறங்கினேன். அங்கேதான் உறைத்தது. தண்ணீருக்குள் இடுப்பளவு மூழ்கிப் முப்பது நாற்பது கருவேல மரங்கள் நின்றன. எல்லாம் பச்சைப் பசேல் என்று இருந்தன. வருடம் முழுக்கத் தண்ணீர் நின்றால் அந்த மரங்கள் அழுகிப் பட்டிருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறது என்றால் பாதி வருடம் அதன் வேர் காய்ந்த மண்ணில் நிற்கிறது என்று அர்த்தம். நான் நாற்பது வருடம் கிணறு வெட்டியவன். கரையைத் தாண்டிக் கீழே இருந்த கிணற்றையும் போய் எட்டிப் பார்த்தேன். மோட்டாரைச் சங்கிலியில் கட்டி அடி ஆழத்துக்கு இறக்கி வைத்திருந்தார்கள். கோடையில் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பதை அதுவே சொல்லிவிட்டது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் வைகாசியில் குளம் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"வைகாசியிலயா? பங்குனியிலயே பயலுக கிரிக்கெட் ஆட ஆரம்பிச்சிருவாய்ங்க. எதுக்குக் கேக்குறீக?"

கல்யாணம் என்றேன். அவர் ஆட்டை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். "அப்ப பொண்ணு மாப்பிள்ளைய ஸ்டம்புக்குப் பக்கத்துலதான் நிறுத்தணும்."

பொறுப்பாளரிடம் திரும்பப் போய்ச் சொன்னேன். அவர் மறைக்கவில்லை. "எல்லாரும் தை மாசந்தான் பாக்க வாராக. வைகாசியில தண்ணி நிக்குமான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலண்ணே" என்றார். நானும் மரத்தைப் பார்க்காவிட்டால் கேட்டிருக்க மாட்டேன். என் தொழிலே தண்ணீர்தான், நானே ஏமாறப் பார்த்தேன். அவரே நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, கன்னிவாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஊருணிக் கரையில் ஊர்ப் பொது மண்டபம் இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்குத் தருவார்களா என்று தெரியாது, கேட்டுப் பாருங்கள் என்று வழி சொன்னார்.

மறுபடி ஊருக்குள் வந்து, பழனி சாலையில் ரெட்டியார்சத்திரம் வரை போய்ப் பிரிந்தோம். அங்கே போய்ச் சேரும்போது மணி 1.40. எங்கள் வீட்டிலிருந்து கணக்கிட்டால் 18 கிலோமீட்டர். மலையடிவாரம், சுற்றிலும் தென்னை. ஊருணி என்றால் குடிதண்ணீருக்கு மட்டும் என்று ஊர் ஒதுக்கி வைத்திருப்பது. வயலுக்கு மடை கிடையாது, மாடு இறங்காது, துணி துவைக்கக் கூடாது. கரையில் ஏறும்போதே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர். அகலம் அறுபது அடிதான் இருக்கும். ஒரு பக்கம் கல்படி, படிக்கு மேலே மண்டபம்.

மண்டபத்துச் சாவி மாரியம்மாள் என்பவரிடம் இருந்தது. ஊர் மகளிர் குழுவை நடத்துகிறவர், ஐம்பது வயது இருக்கும். அவர் சொன்ன வாடகை 6,000, கரண்டும் சுத்தம் செய்யவும் 1,500. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வைகாசியில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று முதலில் கேட்டேன். மேலிருந்து ஏழாம் படியைக் காட்டினார், இப்போது அது தண்ணீருக்குள் இருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஏழாம் படிக்குக் கீழே பாசி கறுத்துத் தடித்திருந்தது, மேலே மெல்லிசாக இருந்தது. வருடம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தால்தான் பாசி அப்படித் தடிக்கும், அவர் சொன்னது உண்மை.

அடுத்து மணவறை இடத்தில் நின்று பார்த்தேன், தண்ணீர் தெரிந்தது. உட்கார்ந்து பார்க்கலாம் என்று தரையில் உட்கார்ந்தால், முன்னால் இருந்த கைப்பிடிச் சுவர் மறைத்துவிட்டது. தாலி கட்டும்போது பெண்ணும் பிள்ளையும் உட்கார்ந்துதானே இருப்பார்கள். எவ்வளவு உயரத்துக்கு மேடை வேண்டும் என்று பார்க்க, செங்கலை அடுக்கிப் பலகை போட்டு நானும் பாயும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். மாரியம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல், "பாய், நீங்கதான பொண்ணு, தலையக் குனிங்க" என்றார். ஒன்றரை அடி மேடை போட்டால் ஏழாம் படித் தண்ணீரும் தெரியும்.

பிறகுதான் அவர் நிபந்தனையைச் சொன்னார். வெளியூர்க் கல்யாணம் என்றால், சித்திரையில் ஒரு நாள் கல்யாண வீட்டிலிருந்து பத்துப் பேர் வந்து தூர் வார வேண்டும். தண்ணீர் ஒதுங்கிய மேற்குப் பக்கத்து வண்டலையும், மலையிலிருந்து வரும் கால்வாயில் அடைத்த மண்ணையும் எடுத்துவிட வேண்டும். கூலிக்கு ஆள் விடக்கூடாது.

அதற்கும் சேர்த்துக் காசாகத் தந்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"காசு குடுத்தா செலவாயிரும். மண்ண எடுத்தாத்தான் தண்ணி நிக்கும்" என்றார்.

எனக்கு மண்வெட்டி பிடிப்பது பிரச்சினை இல்லை. ஆள்தான் பிரச்சினை. நான், என் மச்சான், அவர் மகன்கள் இரண்டு பேர். நான்குக்கு மேல் விரல் மடங்கவில்லை. பாயையும் சேர்த்தால் ஐந்து. அவர் கேட்காமலே தலையை ஆட்டிவிட்டார். மீதி ஐந்து பேருக்கு எங்கே போவது? பாம்பனிலிருந்து மண் அள்ள வா என்று சம்பந்தி வீட்டைக் கூப்பிட முடியுமா?

படியில் உட்கார்ந்து சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். இடம் கிடைத்தது, ஆனால் சின்ன ஊருணிதான், உங்கள் கடலுக்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீர் என்று உள்ளதைச் சொன்னேன். தூர் வாரும் நிபந்தனையையும் மறைக்கவில்லை. கல்யாணம் பாம்பனுக்குப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"அந்தத் தண்ணி குடிக்கிற தண்ணியாண்ணே?"

"ஆமாம்மா. ஊரே இதத்தான் குடிக்குது."

"நாங்க பொறந்ததுலருந்து தண்ணியப் பாத்துக்கிட்டே, குடிக்கிறதுக்குக் குடத்தத் தூக்கிக்கிட்டு லாரிக்கு நிக்கிறவுக. குடிக்கிற தண்ணிக்கு முன்னால தாலி ஏறட்டும். ஆறு பேரு வாரோம். மம்பட்டி மட்டும் நீங்க வச்சிருங்க."

சித்திரை இரண்டாம் ஞாயிறு, ஆறு பேர் என்று சொன்னவர்கள் எட்டுப் பேராக வேனில் வந்து இறங்கினார்கள். சம்பந்தியம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு சட்டி சுமந்தார். மாப்பிள்ளை முதல் அரை மணி நேரத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். காளீஸ்வரி கை கொடுக்காமல் நின்று சிரித்தாள். அன்றைக்குப் பேச்சியம்மாளையும் வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று பாய் ஆட்டோவில் அழைத்து வந்தார். முதுகுக்கு இரண்டு தலையணை, வேகம் நாற்பதுக்குள். 31 நிமிடம் ஆனது. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை, சட்டி சுமக்கிற சம்பந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் படுக்க வைத்தோம். காலில் மரப்பு வந்தது, சாயங்காலம் போய்விட்டது.

தேடப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த மாதம் கல்யாணமோ, அந்த மாதத்தில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். மண்டபத்தில் கேட்டால் போதாது, ஆடு மாடு மேய்க்கிறவர்களிடமும் கேளுங்கள். தண்ணீருக்குள் பச்சை மரம் நின்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மணவறையில் உட்கார்ந்து பாருங்கள். நின்று பார்த்தால் எல்லா மண்டபத்திலும் தண்ணீர் தெரியும். ஊருணிக் கரை என்றால் சமையல், பாத்திரம் கழுவுதல் எல்லாம் கரைக்கு வெளியே நூறு அடி தள்ளித்தான். சமையல்காரரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். கன்னிவாடிப் பக்கம் பேருந்து உண்டு, ஆனால் உள்ளே இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும், வயதானவர்களுக்கு வண்டி வைப்பது நல்லது. வாடகைக் காசை மட்டும் எண்ணிப் போகாதீர்கள், உடன் வரும் ஆட்களையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இன்று காலை பேச்சியம்மாள், ஆட்டோவில் சாய்ந்து படுத்துப் போனாலும் கசங்காத சேலை எது என்று காளீஸ்வரியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சேலையைப் பற்றிப் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.