ஒன்பதாம் மாடியில் கேட்ட கேள்வி

இறைச்சி "றோல்ஸ்" பொரியும் எண்ணெய் மணம் கதவிடுக்கால் கசிந்து, கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் குடியிருந்த கட்டிடத்தின் ஒன்பதாம் மாடி நடைபாதை முழுவதும் பரவினால், நத்தார்ப் பண்டிகை வந்துவிட்டதென்று எதிர்வீட்டு றிஸ்னா ஓடிவந்து எங்கள் கதவைத் தட்டுவாள். நாங்கள் மட்டக்களப்புக் கிறிஸ்தவர்கள். அவர்கள் பக்கத்து ஊர் முஸ்லிம்கள். அம்மா தொழிற்சாலையில் "சிஃப்ற்" முடிந்து வரும்வரை, பள்ளிக்கூடம் விட்டு நான் இருந்ததும் சாப்பிட்டதும் றிஸ்னாவின் உம்மா ஃபரீதா அன்ரியிடம்தான். அவர்களும் எங்கள் வீட்டில் கைநனைக்க வேண்டுமென்பதற்காகவே அம்மா ஹலால் கடையில் மட்டும் இறைச்சி வாங்குவார். அதை அம்மா சொல்லிக் காட்டியதுமில்லை, அன்ரி கேட்டதுமில்லை.

எனக்குப் பதினொரு வயதான ஆண்டு, உயிர்த்த ஞாயிறன்று ஊரில் தேவாலயங்களில் குண்டு வெடித்தது. அம்மாவின் சித்தப்பா மகள் செபித்துக்கொண்டிருந்த இடத்திலேயே செத்துப்போனார். சில வாரங்களில், ஃபரீதா அன்ரியின் தம்பி வைத்திருந்த துணிக்கடையை ஒரு கும்பல் எரித்தது. குண்டு வைத்தவனை அன்ரிக்குத் தெரியாது, கடை எரித்தவனை அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் கோபத்தை இறக்கிவைக்க இருவருக்கும் கிடைத்தது எதிர்க்கதவுதான்.

தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே நின்ற ஓர் அங்கிள், "இனி அவங்கட கடைப்பக்கம் போகப்படாது" என்றார். அம்மாவும் போகவில்லை. நோன்பு தொடங்கி அன்ரி கஞ்சியோடு வந்து தட்டியபோது, அம்மா கதவின் கண்ணாடித் துளையால் பார்த்துக்கொண்டே நின்றார், திறக்கவில்லை. "இனி அங்க போகாத" என்று வீட்டுக் கதவைத் திறக்கும் "திறப்பு" ஒன்றை என் கையில் தந்தார். பள்ளி விட்டு வந்து தனியே இருப்பேன். எதிர்வீட்டில் றிஸ்னா சிரிப்பது கேட்கும், எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

மார்கழியில் அம்மாவுக்கே பொறுக்கவில்லை. நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை, கொட்டும் பனியில் என்னையும் இழுத்துக்கொண்டு, எட்டு மாதம் மிதிக்காத அந்த ஹலால் கடைக்குப் போய் ஆட்டிறைச்சி வாங்கினார். றோல்ஸ் பொரித்துத் தட்டில் அடுக்கி, என்னை முன்னால் விட்டு எதிர்க்கதவைத் தட்டினார். திறந்த அன்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டுக்குக் கை நீட்டியவர், சட்டென்று குரலை உயர்த்தி, "அக்கா, இது ஹலால் இறைச்சிதானே?" என்றார்.

அம்மாவின் முகம் கறுத்தது. "இத்தனை வருசத்தில உங்களுக்கு நான் வேற இறைச்சி தந்திருக்கனா? நம்பாட்டி விடுங்க." தட்டோடு திரும்பிவிட்டார். ஓம் அன்ரி, நானும் கடைக்குப் போனேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த றோல்ஸை நாங்களே மூன்று நாள் சூடாக்கிச் சாப்பிட்டோம். அடுத்த கோடையில் அவர்கள் பிறம்ரன் நகருக்குக் குடிபோய்விட்டார்கள்.

இப்போது நாங்கள் அஜக்ஸ் நகரில் தனிவீட்டில் இருக்கிறோம். நடைபாதையும் இல்லை, எதிர்க்கதவும் இல்லை. அயலில் என்ன பொரிகிறதென்று மூக்குக்குக்கூடத் தெரியாது. போன மாதம் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்ஸில் றிஸ்னாவைக் கண்டேன். அந்த நத்தாரைப் பற்றி அவளே பேச்செடுத்தாள்.

"சீரியஸ்லி, உம்மா நம்பாமக் கேக்கல்ல. எங்கட வாப்பாட மூத்தவர், பெரியவாப்பா, அண்டைக்கு உள்ளுக்கு இருந்தாரு, கிறிஸ்தவ ஊட்டுச் சாப்பாடு இனி வேணாம் எண்டு சொல்லிட்டு. அவருக்குக் கேக்கட்டும் எண்டுதான் உம்மா சத்தமாக் கேட்டா. உங்கட அம்மா ஓம் எண்டு சொல்லுவாங்க எண்டு நினைச்சா."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்தார்.

"அதை அவ அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார், கோபமாக.

நீங்களும் ஓம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். அந்தக் கேள்வி எனக்கும் உரியதென்று அடக்கிக்கொண்டேன்.

"ஃபரீதா அன்ரியிட நம்பர் வாங்கியிருக்கன். கோல் எடுத்துத் தரட்டா?"

அம்மா கத்தியை எடுத்தார்.

"இனி என்னெண்டு கதைக்கிற" என்று மறுபடி வெங்காயத்தை வெட்டத் தொடங்கினார்.