சிவப்புத் திட்டுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

என் படத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு வாய் வராது. எண்ணெய்க்குப் போடுகிற செம்பனைக் காடு, மண் ரோடு, பனி, ஆற்றங்கரைச் சேறு, அவ்வளவுதான். ஆனால் மரத்தை மரமாக வரைய எனக்குத் தெரியாது. கறுப்பாக நாலு கோடு, மேலே பச்சையும் சாம்பலும் கலந்து ஓர் இழுப்பு. பாதி தெரியும், பாதி தெரியாது. கோலாலம்பூரில் படக்கடை வைத்திருக்கிற ஓர் அம்மா, ஆட்களுக்கு அதுதான் பிடிக்கிறது என்று சொல்லி, அவ்வப்போது எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வேன் அனுப்பி எடுத்துக்கொண்டு போவார்.

போன தடவை அனுப்ப வேண்டிய படம் கதவளவு பலகை. என் மகன் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறான். விடிகாலையில் கிளம்புவான். தோட்டத்து ரோட்டில் பனி இறங்கியிருக்கும். லோரியின் பின்னால் இருக்கிற இரண்டு சிவப்பு விளக்கும் மரங்களுக்குள்ளே போய்ப் போய் மங்கும். முழுக்க மறைகிற வரைக்கும் நான் ஜன்னலை விட்டு நகர மாட்டேன். அந்த ரோட்டில் லோரி கவிழ்ந்து செத்தவர்களை எனக்குத் தெரியும். சொன்னால் மகன் சிரிப்பான். அதனால் சொல்லவில்லை, வரைந்தேன். கறுப்புக் கோடுகளுக்கு நடுவில், கீழே, சிவப்பாக இரண்டு திட்டு.

சாயம் காயட்டும் என்று வாசல் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். மீன் வாங்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுத் தங்கச்சி அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏன்க்கா முனியாண்டிய வரைஞ்சீங்க?”

“முனியாண்டி இல்லம்மா. லோரி.”

“லோரியா? எந்த லோரிக்குக்கா மீசை இருக்கு?”

பார்த்தேன். சேற்றுக்காக நான் இழுத்த கறுப்பு, கண்ணாகத் தெரிந்த சிவப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் வளைந்து மீசையாகத்தான் இருந்தது. எங்கள் தோட்டத்துக் காவல்சாமி முனியாண்டி. கோயிலும் அந்த ரோட்டு முனையில்தான் இருக்கிறது. அதற்கப்புறம் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு லோரி தெரியவில்லை.

“சாமிய வித்தா சும்மா விடுமாக்கா? உங்க பையன் தெனம் அவரு எல்லையத் தாண்டித்தானே போறாரு,” என்று சொல்லிவிட்டு அவள் மீன் கழுவப் போய்விட்டாள்.

சிவப்பை அழித்துவிடலாம் என்று பச்சையைக் கலந்தேன். பிரஷைக் கிட்டே கொண்டுபோனதும் இன்னொரு பயம் வந்தது. அது என் மகன் லோரியின் விளக்கு. பெற்றவளே அதை மூடலாமா? வைத்தால் சாமி குத்தம், அழித்தால் பிள்ளைக்கு ஆகாது. மருமகளிடம் சொன்னேன்.

“அத்தை, அது வெறும் பெயின்ட்லா. நாளை மறுநாள் வேன் வருது. டென்ஷன் ஆவாதீங்க,” என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறிவிட்டாள்.

கடைசியில் தங்கச்சிதான், பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக வெற்றிலையில் மடித்துச் சாமி காலடியில் போடுவார் பூசாரி. நாம் மனசுக்குள் கேட்க வேண்டும், கூட வந்தவர் ஒரு மடிப்பை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம்.

“வாய் விட்டுச் சொல்ல வேணாம்மா. அவருக்குக் கேக்கும்,” என்றார் பூசாரி. எனக்கு அதுவே நிம்மதி. ஆட்கள் முன்னால் பேசச் சொல்லியிருந்தால் நான் வந்தே இருக்க மாட்டேன்.

கண்ணை மூடினேன். வெளியே ரோட்டில் ஒரு லோரி முனகிக்கொண்டு மேடு ஏறுகிற சத்தம். நம் லோரியா, வேறு லோரியா என்று காது அங்கே போய்விட்டது. கண்ணைத் திறந்தபோது தங்கச்சி எடுத்துக் கொடுத்த மடிப்பைப் பூசாரி பிரித்துக்கொண்டிருந்தார். வெள்ளை.

“உத்தரவு ஆச்சு. கேட்டபடியே செஞ்சிரும்மா.”

தங்கச்சி என் தோளை இடித்தாள். “பாத்தீங்களா? இதுக்குப் போயி ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தீங்க.”

தலையை ஆட்டினேன். நான் என்ன கேட்டேன்? இருக்கட்டுமா என்று கேட்டேனா, அழித்துவிடட்டுமா என்று கேட்டேனா? கண்ணை மூடியபோது இரண்டும்தான் மனசில் ஓடின. லோரிச் சத்தம் வரும்போது எதில் நின்றேன் என்று தெரியவில்லை. கேட்டது மறந்துபோச்சு, இன்னொரு தடவை போடுங்கள் என்று பூசாரியிடம் சொல்ல எனக்கு வாய் ஏது? திரும்பக் கேட்டால் சாமியை நம்பவில்லை என்று ஆகிவிடும். திருநீறு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் தங்கச்சி விடவில்லை. “என்னக்கா கேட்டீங்க? எங்கிட்ட சொன்னா என்னவாம்?”

“கேட்டத வெளிய சொல்லக் கூடாதும்மா,” என்றேன்.

மறுநாள் வேன் வருவதற்குள் வெள்ளையும் சாம்பலுமாக நிறைய தண்ணீர் விட்டுக் கரைத்தேன். முனியாண்டி பேரைச் சொல்லி, சிவப்பின் மேல் ஒரே இழுப்பாக இழுத்தேன். மீசை போய்விட்டது. சிவப்பு போகவில்லை, பனிக்குள்ளே மங்கலாக நின்றது. நான் எதைக் கேட்டிருந்தாலும் பாதி செய்திருக்கிறேன். பாதி செய்தால் சாமிக்குப் போதுமா என்று யாரைக் கேட்பது?

நான் வரைந்ததிலேயே இதுதான் நல்ல படம் என்று கோலாலம்பூர் அம்மா போனில் சொன்னார். அது விற்றும் போய்விட்டது. இதே மாதிரி இன்னொன்று வேண்டுமாம். மருமகள் பலகை வாங்கி வைத்துவிட்டாள்.

விடிகாலையில் ஜன்னலில் நிற்கிறேன். சிவப்பு விளக்கு மரங்களுக்குள்ளே மங்குகிறது. முன்பெல்லாம் அது பனி என்று தெரியும். இப்போது நான் இழுத்த அந்தச் சாம்பல்தான் ரோட்டில் கிடக்கிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சாயங்காலம் லோரி வாசலில் வந்து நிற்கிற வரைக்கும் பலகை பக்கம் போவதில்லை.