ஆறாவது பாட்டு பாதியில் நின்றது

திருநெல்வேலி ஜங்ஷனில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை ஒன்றில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளின் தொடக்கம் அது. படத்துக்கு ஒரு கேசட் என்று வாங்க எல்லாருக்கும் மனம் வராது. பிடித்த பாட்டுகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருவார்கள். வெற்றுக் கேசட்டில் அவற்றைப் பதிந்து கொடுப்பது என் வேலை. கல்யாணப் பத்திரிகையின் முதுகில், மருந்துச் சீட்டின் ஓரத்தில், சிகரெட் அட்டையில் என்று விதவிதமாக எழுதி வரும். நான் அதிகம் வாசித்தது அந்தத் தாள்களைத்தான்.

பள்ளிக்கூடம் எனக்குப் பத்தோடு சரி. பிறகு கற்ற தமிழெல்லாம் தியேட்டர் வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தில் கற்றது. சாணித்தாளில் நாலு பக்கம் இருக்கும், எச்சில் தொட்டுப் புரட்டினால் மை விரலோடு வரும். ஆனாலும் கவிதை என்பது வேறு சாமான், கல்லூரிக்குள் பொழிப்புரையோடு இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

தொழிலில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. என் கேசட்டில் எந்தப் பாட்டும் பாதியில் அறுபடாது. ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிஷம், எத்தனை விநாடி என்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். அறுபது நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது. எழுதி வந்த வரிசையைக் கலைத்து, நெட்டையும் குட்டையுமாகச் சேர்த்து, இரண்டு பக்கத்தையும் கச்சிதமாக நிரப்பிவிடுவேன். எந்தப் பாட்டு என்பது அவர்கள் விருப்பம், எதற்குப் பின்னால் எது என்பது என் கைவேலை. கேட்பவர்களுக்குப் பாட்டு முழுசாக இருந்தால் போதாதா?

ஒரு நாள் காலையில் மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கும். அக்காவை அவர்கள் பக்கத்தில் லாத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கோடு போட்ட தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெரிதாக நம்பர் போட்டிருந்தார். அது பட்டியலுக்குப் போட்ட நம்பர் என்று நினைத்தேன். மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. வழக்கம்போலக் கலைத்து அடுக்கிப் பதிந்து, சாயங்காலம் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் கேசட்டோடு வந்து நின்றார்.

"தம்பி, பன்னெண்டு பாட்டும் இருக்கு. நான் போட்ட நம்பர் எங்க போச்சு?"

"நேரத்துக்குத் தக்கன மாத்திப் போட்டிருக்கேன் லாத்தா. பாட்டு எல்லாம் இருக்குல்லா?"

"இருக்கு. எங்க வீட்லயும் அம்மி இருக்கு, உரல் இருக்கு. அதுக்காக அம்மியில நெல்லுக் குத்துவாகளா?"

கல்லாவில் இருந்த கடைக்கார அண்ணாச்சி சிரித்துவிட்டார். "ஏலே, பதில் சொல்லுலே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க இறங்கினார். அவர் போனதும் அந்தப் பெண் குரலைத் தணித்தார்.

"இதப் பாருங்க. நாலாவதா நான் அழுதுக்கிட்டு இருக்கேன். அதுக்குப் பொறவு நீங்க குத்துப்பாட்டப் போட்டு ஆட விட்டிருக்கீக. அவுக கேட்டா என்ன நினைப்பாக?"

அவுக என்றது அவர் கணவரை. வளைகுடா போய் நாலு வருஷம். இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருக்கச் சொல்லிக் கம்பெனி காகிதம் நீட்டியிருக்கிறது. நோன்பு மாசத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். என்ன செய்ய என்று வீட்டைக் கேட்டிருக்கிறார். அப்போதெல்லாம் வெளிநாட்டுக்கு வீடே கூடி உட்கார்ந்து பேசிக் கேசட்டாக அனுப்பும் பழக்கம் இருந்தது. மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லாரும் டேப்ரிக்கார்டர் முன்னால், இரு, இன்னும் ரெண்டு வருஷம்தானே என்று பேசிவிட்டார்கள். இவர் முறை வந்தபோது, கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லி நகர்ந்திருக்கிறார்.

"கடிதாசி எழுதலாமே லாத்தா?"

"மாமா வாசிச்சிட்டுத்தான் ஒட்டுவாக. பாட்ட யாரு வாசிக்கா? எல்லாரும் கேக்கத்தான் செய்யுதாக."

இவர் வாசித்திருந்தார். நாலைந்து வீட்டுப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள், பக்கத்தில் ரேடியோ காலையிலிருந்து பாடும். "கை இலையில இருக்கும், காது சும்மாத்தான இருக்கு. ஒரு வரிக்கு ஒரு நாள் பூராச் சண்டை போடுவோம்" என்றார்.

தாளில் ஆறாவது நம்பரைத் தொட்டார். நான் நூறு தடவை பதிந்த பாட்டு அது. ஒருத்தி தன் வீட்டில் இருப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே போவாள். கிணற்றடி வாளி, அணையாத அடுப்பு, தாழ் போடாத கதவு. காதல் பாட்டு, ராகம் நன்றாக இருக்கும். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

"இதுல ஒரு இடத்துலயாவது வான்னு கூப்பிடுதாளா, பாருங்க. கூப்பிட்டா, முடியாதுன்னு சொல்லிரலாம். கூப்பிடவே இல்லைன்னா அவன் எதைப் போய் முடியாதும்பான்?"

நான் அந்தப் பாட்டை மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். இல்லை. அந்தச் சொல்லே இல்லை.

கேசட்டைக் கணவரிடம் கொண்டுபோகிற ஊர்க்காரர் நாலு மணிக்குத் திருவனந்தபுரம் விமானத்துக்கு வேனில் கிளம்புகிறார். அப்போது மணி ஒன்று. பதிய ஒரு மணி நேரம் வேண்டும், மேலப்பாளையம் போய்ச் சேரவும் நேரம் வேண்டும். நோட்டை எடுத்து அவர் வரிசைப்படி கூட்டிப் பார்த்தேன். முதல் பக்கம் ஆறாவது பாட்டின் நடுவில் தீர்ந்துவிடும். அதை மறுபக்கத்துக்குத் தள்ளினால் அங்கே கடைசிப் பாட்டு அறுபடும்.

"தொண்ணூறு நிமிஷக் கேசட்டுல போட்டுத் தாரேன் லாத்தா. ஆறாவது பாட்டு முழுசா வந்துரும்."

அவர் கையிலிருந்த கேசட்டைக் காட்டினார். "இதுல போட்டா எங்கன அறுபடும்?" என்று கேட்டார்.

நான் விநாடிகளை எண்ணிச் சொன்னேன். கதவு வரைக்கும் வரும். தாழ் போடவில்லை என்பதோடு நாடா தீர்ந்துவிடும்.

தாளை என் பக்கமாகத் தள்ளினார். "அங்கனயே நிக்கட்டும் தம்பி. அதுக்கு மேல என்னாலயும் சொல்ல முடியாது."

எதிரே ஜவுளிக்கடையில் நிற்பதாகச் சொல்லிப் போனார். அண்ணாச்சி திரும்பி வந்து, "ஏலே, மூணு கேசட்டு முன்னால கிடக்கு, எதைப் பதியுத?" என்றார். இது அவசரம் அண்ணாச்சி என்றேன். அவரே அந்த மூன்றையும் ஓரமாக நகர்த்தி வைத்தார்.

அந்த ஒரு மணி நேரத்தை இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன். பன்னிரண்டு பாட்டும் எனக்குத் தெரிந்தவைதான். யார் யாரோ எழுதியவை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத படங்களில் வந்தவை. அவர் வரிசையில் கேட்டபோது ஒருத்தி பேசுவது கேட்டது. முதல் பாட்டில் வெட்கப்பட்டாள், மூன்றாவதில் கோபப்பட்டாள், நாலாவதில் அழுதாள், ஐந்தாவதில் தன்னைத்தானே கேலி செய்து தேறிக்கொண்டாள். ஆறாவதில் கதவு வரை வந்தாள். நாடா டக்கென்று நின்றது. கடைக்குள் இருந்த அமைதியும் அந்தப் பாட்டைச் சேர்ந்ததாகவே இருந்தது. பொழிப்புரை இல்லாமல் எனக்குப் புரிந்த முதல் கவிதை அதுதான் என்று எந்தச் சபையிலும் சொல்லுவேன். ஆயிரம் பாட்டின் நீளத்தை அளந்து வைத்திருந்தேனே தவிர, ஒன்றின் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. கூட்டிப் போனது பீடி இலை வாசம் அடிக்கும் ஒரு கை.

அதன்பிறகு தாளோடு வருகிறவர்களிடம், இந்த வரிசையிலேயே வேண்டுமா என்று கேட்கும் பழக்கம் வந்தது. பெரும்பாலும், "எப்படின்னாலும் போடுங்கவே" என்பார்கள். எப்போதாவது ஒருவர் தயங்கி, "ஆமா, இப்படியே" என்பார். அந்தத் தாளை இரண்டு தடவை வாசிப்பேன்.

அவர் கணவர் கையெழுத்துப் போட்டாரா, இல்லையா என்று தெரியாமலே நோன்பு தொடங்கியது. யாரிடம் போய்க் கேட்பது? பெருநாள் கழிந்த வாரம் ஒருவர் கடைப்படி ஏறினார். புதுச் சட்டை, வெளிநாட்டு வாசம். பின்னால் அந்தப் பெண்.

"நீங்கதான அந்தக் கேசட்டப் பதிஞ்சது? ஆறாவது பாட்டு பாதியில நின்னு போச்சே. ஒவ்வொரு தடவையும் மீதிய நானேதான் பாடிக்கிட்டுக் கிடந்தேன். ரூம்ல இருக்கவனுவ என்னைய வையாத நாள் கிடையாது. இவள்ட்ட கேட்டா, கடைக்காரருக்கு அளவு தெரியாதுங்கா."

அந்தப் பெண் அடுக்கில் இருந்த கேசட் அட்டைகளை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புதான். நாடா பத்தல" என்றேன். கல்லாவில் அண்ணாச்சி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சரி, போகட்டும். அதை இப்பமாவது முழுசாப் பதிஞ்சு தாங்க" என்றார் கணவர்.

"எதுக்கு?" என்றார் அந்தப் பெண், அட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதான் வந்தாச்சுல்லா."