பாதையை உழுத வருஷம்

ஓட்டுக் கேட்டு யாராவது வாசலில் வந்து நின்றால், இன்றைக்கும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். "தண்ணி குடிக்குதீங்களா?" குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். வேறு எதைக் கேட்டும் பிரயோசனம் இல்லை என்பது இருபத்தோரு வயதிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. அதற்காக எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அந்த வருஷத்தை நினைத்தால் மனசு நிறைந்துதான் போகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்த நான், பசுவந்தனைக்கு அங்கிட்டு உள்ள ஒரு கரிசல் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். தார் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிப்பாதையில் நடந்தால் ஊர். வெயில் காலத்தில் அது நல்ல பாதைதான். மழை விழுந்துவிட்டால் கரிசல் காலைக் கவ்விக்கொள்ளும். ஒவ்வோர் எட்டுக்கும் பாதத்தில் மண் ஏறி ஏறி, செருப்பு பின்னால் நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் போவோம். அதனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கள் ஊருக்குக் கிடைக்கும் வாக்குறுதி ஒன்றே ஒன்று: ரோடு. தேர்தலுக்கு முன்னால் யாராவது வந்து அளவுக்கல் ஊன்றிவிட்டுப் போவார்கள். தேர்தல் முடிந்ததும் ஆடுகள் அதில் முதுகு சொறியும்.

ஊரில் இரண்டு கட்சி. என் வீட்டுக்காரர் ஒன்று, பக்கத்து வீட்டு அண்ணாச்சி மற்றொன்று. எழுபத்தேழு தேர்தலில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் யார் சின்னம் வரைவது என்று சண்டை வந்தது. சுவரோடு போகவில்லை அது. பக்கத்து வீட்டு அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். எனக்குக் குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அதற்கப்புறம் கிண்ணம் மாறவில்லை, காலையில் அடுப்புப் பற்றவைக்க நெருப்புக் கங்கு வாங்குவதுகூட நின்றது. எதிரே பார்த்தால் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விடுவாள். நானும் சளைத்தவளா, முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சின்னம் என்னவோ முதல் மழையிலேயே அழிந்துவிட்டது.

எழுபத்தொன்பது மார்கழியில் மறுபடியும் தேர்தல் வந்தது. எந்தக் கட்சியைத் திட்டித் திட்டி என் வீட்டுக்காரருக்குத் தொண்டை கட்டியதோ, அதே கட்சியோடு அவருடைய கட்சி கூட்டுச் சேர்ந்துவிட்டது. செய்தியைக் கேட்டுவிட்டு அன்று அவர் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு வேறு விதமான வயிற்றெரிச்சல். அவர் தோள்மேல் தூக்கித் திரிந்த ஆள் ஜெயித்துப் போனதோடு சரி, ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கரை வேட்டிகள் இரண்டும் பெட்டிக்குள் போயின. இரண்டு பேரும் ஒரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்காவுக்கும் எனக்கும் மட்டும் பேச்சு வரவில்லை. ஆண்களுக்கு எல்லாம் சுளுவாகத் தீர்ந்துவிடுகிறது.

ஊர் கூடி, இந்த முறை யாருக்கும் ஓட்டுப் போடுவதில்லை என்று முடிவு செய்தது. ஒரு கட்சிக்காரனையும் ஊருக்குள் விடக்கூடாது. முள்ளை வெட்டிப் போட்டால் தள்ளிவிட்டு வந்துவிடுவான். அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு அந்த யோசனை தோன்றியது.

"பாத இருந்தாத்தான வருவான்? உழுது போட்டுருவோம்."

கரிசல்காட்டு விவசாயிக்குக் கோபம் வந்தால் வேறு என்ன செய்வான், கலப்பையைத்தான் தூக்குவான். ஊரே கை தட்டியது. வீட்டில் என் மாமியார் மட்டும் என் வயிற்றைப் பார்த்துவிட்டு மகனிடம் கேட்டாள். "ஏலே, இவளுக்கு எட்டு முடியப்போவுது. ஒரு அவசரம்னா என்ன செய்வ?"

"வரப்பு எதுக்கு இருக்கு? நடந்து போயிருவா. இன்னும் நாள் கெடக்குல்லா."

மறுநாள் காலை முதல் சால் ஓட்டியது அவர்தான். பக்கத்துச் சால் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. வருஷக்கணக்காக வண்டிச்சக்கரம் ஏறி இறுகிய பாதை கட்டி கட்டியாகப் புரண்டு கிடந்தது. அன்று சாயங்காலமே ஒரு பிரசாரக் கார் வந்து, உள்ளே நுழைய முடியாமல் தார் ரோட்டில் நின்றபடி மைக்கில் கும்பிட்டுவிட்டுப் போனது. ஊருக்கு ஒரே சிரிப்பு. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அந்த வருஷம் மழை பிந்தியது. போய்விட்டது என்று நினைத்த மழை மார்கழியில் திரும்பி வந்து ஊற்றியது. உழுத புழுதி அத்தனையும் குழம்பானது. இரண்டாம் நாள் காலையில் எனக்கு வலி கண்டது.

மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு முகம் கறுத்தாள். "பிள்ள குறுக்க கெடக்கு. என் கைக்கு அடங்காது. கோவில்பட்டி பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போயிருங்க. இல்லேன்னா ரெண்டு உசுரும் தங்காது."

வண்டி பூட்டினார்கள். பத்தடி தள்ளி அச்சு வரைக்கும் புதைந்தது. கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்துத் தூக்கினார்கள். என் அடியில் மாமியார் விரித்தது பெட்டியிலிருந்து எடுத்த கரை வேட்டியை. அந்த வேட்டி உருப்படியாக உழைத்தது அன்றைக்குத்தான். நாலு பேர் கால் வைத்ததும் முழங்கால் வரைக்கும் இறங்கியது. வரப்பில் ஏறினால் கட்டிலுக்கு இடம் பற்றவில்லை, வழுக்கியது. கட்டில் சாய்ந்து நான் அலறவும் கீழே இறக்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சேற்றுக்குள் நின்று, தான் ஓட்டிய உழவுச்சாலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவோம் என்று நினைத்தேன்.

அப்போது என் தலைமாட்டில் ஒரு சத்தம் கேட்டது. மூன்று வருஷமாக என் காதில் விழாத குரல்.

"என்ன எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்குதிய? பருத்திமாரை அள்ளிப் போடுங்கய்யா!"

பக்கத்து வீட்டு அக்கா தலையில் ஒரு கட்டுச் சுமந்து நின்றாள். பருத்தி எடுத்து முடிந்ததும் செடியைப் பிடுங்கிக் காயவைத்து, கொல்லையில் படப்பாக அடுக்கி வைப்போம். அந்த மார்தான் எங்களுக்கு விறகு. மழைக்காலம் பூராவும் சோறு பொங்குவது அதில்தான். எரிப்பதற்கு முன்னால் எண்ணி எண்ணி எடுப்போம். அதைக் கொண்டுவந்து அவள் சேற்றில் பரப்பி, ஏறி மிதித்தாள். புதையவில்லை.

பெண்கள் ஓடினார்கள். கீழத்தெரு, மேலத்தெரு, இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று பார்க்காமல் கட்டுக் கட்டாக வந்து விழுந்தது. முன்னால் பெண்கள் பரப்பிக்கொண்டே போக, பின்னால் கட்டில் வந்தது. நான் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தேன். மழைத் தூறல் முகத்தில் விழுந்தது. எனக்குக் கேட்டதெல்லாம் காலடியில் மார் நொறுங்குகிற சத்தம்தான். நொறுங்க நொறுங்க ரோடு பக்கத்தில் வருகிறது என்று தெரிந்துகொண்டேன்.

முன்னாலேயே ஓடிப்போன என் வீட்டுக்காரர் தார் ரோட்டில் ஒரு பிரசாரக் காரை மறித்து வைத்திருந்தார். உள்ளே இருந்தவருக்கு எந்த ஊர் என்று தெரிந்ததும் முகம் மாறியது. "எங்கள உள்ள விடமாட்டோம்னு பாதய உழுத ஊருதான?" என்றார். வண்டி ஓட்டி வந்தவர் வாடகைக் கார் டிரைவர், கோவில்பட்டிக்காரர். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

"எறங்குங்க அண்ணாச்சி. பெறவு பேசிக்கிடலாம்."

கட்சிக்காரர்கள் இறங்கி மழையில் நின்றார்கள். அவசரத்தில் மைக்கை யாரும் அணைக்கவில்லை. பசுவந்தனை தொட்டுக் கோவில்பட்டி வரைக்கும் நான் போட்ட கூப்பாடு அத்தனையும் காரின் மேலே இருந்த குழாயில் கேட்டிருக்கிறது. மாட்டுவண்டி, சைக்கிள், லாரி எல்லாம் ஒதுங்கி வழிவிட்டனவாம். அந்த மைக்கில் அன்றைக்குத்தான் ஓர் உண்மை வந்தது என்று டிரைவர் பிற்பாடு சொல்லிச் சிரித்தாராம். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் பிள்ளை. இரண்டு உயிரும் தங்கின.

தேர்தல் நடந்தபோது நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதற்குள் அந்தக் கார்க்காரர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள், பருத்திமார் மேல் நடந்துதான். "ஒங்க ஊருப் பிள்ளய நாங்கதான காப்பாத்துனோம், எங்களுக்குப் போடக்கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா முன்னால் வந்து, "அந்த டிரைவரத் தேர்தல்ல நிப்பாட்டுங்க, ஊரே போடுதோம்" என்றாளாம். ஓட்டுப் பெட்டி வெறும் பெட்டியாகவே திரும்பிப் போனது.

தையல் பிரித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். மழை நின்றிருந்தது. மார் மண்ணோடு மண்ணாக அமுங்கி, காலுக்கு மெத்தென்று இருந்தது. ஊருக்குள் நுழைந்ததும் எனக்கு என்னவோ போல் இருந்தது. சமைக்கிற நேரம், அடுப்பு மணம் வரவில்லை, ஈர முள்ளின் கசப்புப் புகைதான் கண்ணைக் கரித்தது. வீட்டுக்கு வீடு கொல்லை மொட்டையாகக் கிடந்தது. ஒரு படப்பு இல்லை.

எங்கள் கொல்லைக்குப் போனேன். எங்கள் படப்பு வைத்தது வைத்தபடி முழுசாக நின்றது.

எனக்கு முதலில் அவமானமாக இருந்தது. "ஊரே குடுத்திருக்கு, நம்ம வீட்டுது மட்டும் எப்படி?" என்று அவரைக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அன்றைக்கு முதலில் எங்கள் படப்பைப் பிரிக்கத்தான் அவர் ஓடியிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா குறுக்கே நின்று, தொடவிடவில்லை. தன் வீட்டுப் படப்பைக் கடைசிக் குச்சி வரைக்கும் இழுத்துப் போட்டவள் அவள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஈர முள்ளை ஊதிக்கொண்டிருந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது. பிள்ளையை அவள் மடியில் வைத்தேன். "ஏன்க்கா எங்களத மட்டும் விட்டீங்க?" என்று கேட்கும்போதே எனக்கு அழுகை முட்டியது.

"ஏட்டி, கோட்டியா பிடிச்சிருக்கு ஒனக்கு? நீ திரும்பி வருவல்லா," என்றாள். "பச்ச ஒடம்புக்காரிக்கு வெந்நி போட வேண்டாமா?"

நான் திரும்பி வருவேனா என்று எனக்கே நிச்சயம் இல்லாத நேரம் அது. எழுந்து போய் எங்கள் படப்பிலிருந்து ஒரு கட்டு இழுத்துவந்து அவள் அடுப்படியில் போட்டேன். அவள் அதைப் பிரித்து அடுப்பில் வைத்தாள். அடுப்பு பற்றியதும் ஒரு நெருப்புக் கங்கை ஓட்டுத்துண்டில் எடுத்து என் கையில் கொடுத்தாள்.