மேற்குச் சந்தில் வாசல் கேட்டவர்

மனுக்காரர் இல்லாமல் எங்கள் வட்டாரத்தில் ஒரு காகிதம் நகராது. நில அலுவலகப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை, ஒரு டைப்ரைட்டர், அவ்வளவுதான் அவர் கடை. முப்பது வருஷமாக அடுத்தவர் கஷ்டத்துக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டு மனு எழுதிக் கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பார்வையில்லாத அக்காவோடு மேற்குச் சந்தின் முதல் வீட்டில் இருந்தார்.

அக்காவுக்குக் கண் தெரியாது என்றால் புதிதாக வருபவர்கள் நம்பமாட்டார்கள். சந்துச் சுவரை விரலால் தொட்டபடியே குழாயடிக்கும் கடைக்கும் தனியாகப் போய்வருவார். என் காலடிச் சத்தத்தை வைத்தே, "என்ன தையல்காரம்மா, ஜாக்கெட்டை இந்த வருஷம் கொடுப்பியா, அடுத்த வருஷமா?" என்று வம்புக்கு இழுப்பார். அந்தச் சுவர் இருந்தவரை அவருக்கு யார் துணையும் வேண்டியிருக்கவில்லை.

மனுக்காரரிடம் ஒரு தொழில் வழக்கம் உண்டு. எந்த மனுவானாலும் கடைசியில் "இயலாத பட்சத்தில்" என்று ஒரு பத்தி சேர்ப்பார். பெரிதாக ஒன்றைக் கேட்டுவிட்டு, அது முடியாவிட்டால் சின்னதாக ஒன்று. "ஆபீசருக்கு இல்லேன்னு சொல்லவும் ஆசை, கொடுத்தேன்னு சொல்லவும் ஆசை. ரெண்டுக்கும் நாம வழி விடணும்மா" என்பார்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் பொழுதுபோக்கு வளாகம் கட்டப்போவதாக நகராட்சி அறிவித்தது. நீச்சல் குளம், விளையாட்டு அரங்கம், கார் நிறுத்த இடம். வாசல் எங்கள் தெருவில் வரும், அதற்கு ஆறு வீடுகளின் முன்னறை போகும் என்றார்கள். அதில் ஒன்று என் தையல் மிஷின் இருக்கும் அறை. எல்லோரும் அலறி அடித்துக்கொண்டு மனுக்காரரிடம் ஓடினோம்.

வளாகமே வேண்டாம் என்று எழுதினார். இயலாத பட்சத்தில் வாசலை மேற்குச் சந்துக்கு மாற்றலாம் என்றும் எழுதினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்க வீட்டுப் பக்கமா சார்?"

"அந்தச் சந்துல ரெண்டு பேர் எதிரெதிரா வந்தாலே ஒருத்தர் ஒதுங்கணும். கார் எங்கம்மா போகும்? முடியாதுன்னு இன்ஜினியரே எழுதிடுவார். அதுவும் முடியாது, இதுவும் முடியாதுன்னா ஃபைல் அப்படியே படுத்துடும்."

கெட்டிக்காரர் என்று நினைத்தேன். கையெழுத்தும் போட்டேன். காகிதத்தை அவர் அளவுக்கு அறிந்தவர் எவருமில்லை. புல்டோசரைப் பற்றித்தான் மனிதர் யோசிக்கவில்லை.

நகர மண்டபத்தில் கூட்டம். மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று பால்காரர் தொண்டை கிழியக் கத்தினார். ஓய்வுபெற்ற நர்ஸ் சத்தத்தைப் பற்றிப் பேசினார், பேசினார், மைக்கைப் பிடுங்கும்வரை பேசினார். அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு எங்கள் மனுவைக் கையில் எடுத்தார்.

"வளாகத்தைக் கைவிட முடியாது. ஆனா மக்களோட ரெண்டாவது கோரிக்கையை ஏத்துக்கறோம். வாசல் மேற்குச் சந்துல வரும். சந்தை முப்பதடியா அகலப்படுத்துவோம். நாலு வீடுதான் போகுது. அவங்களுக்கு ஊருக்கு வெளியே மாற்று வீடு."

மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன். முதல் வீடு யாருடையது என்று தெரிந்துதான் தட்டினேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மனுக்காரர் எழுந்தார். "சார், அது... நடக்காதுன்னு நினைச்சு எழுதினது."

சிரிப்பு கிளம்பியது. "முதல் கையெழுத்தே உங்களுதுதானேய்யா?" என்றார் அதிகாரி. பின் வரிசையில் யாரோ, "சொந்தச் செலவுல சூனியம்" என்றான். அதற்கும் சிரித்தார்கள். அவர் அத்தனை நேரமும் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் தெருவில் ஐம்பது பேர் அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றால் மறுபடி யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டு அதிகாரி கூட்டத்தை முடித்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் புது மனுவோடு என் வீட்டுக்கு வந்தார். தாளில் நான்கே கையெழுத்து, நான்கும் சந்துக்காரர்களுடையது. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றார்.

"ஒரு கையெழுத்தும்மா."

போட்டால் வாசல் திரும்ப என் அறைக்கு வரும். "அவர் ஊர்ல இல்ல சார். வந்ததும் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

உள்ளே என் கணவர் இருமினார்.

மனுக்காரர் தாளை மடிக்க ஆரம்பித்தார். அக்கா இருமல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"வா தம்பி, போலாம்" என்றார். "அவங்களுக்கு வேலை இருக்கும்."

அடுத்த மாதம் நான்கு வீடுகளையும் இடித்தார்கள். மாற்று வீடு மூன்றாவது மாடியில். அக்கா அங்கே நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லையாம், தண்ணீருக்குக்கூடத் தம்பி வேலை முடிந்து வரும்வரை காத்திருக்கிறாராம். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாயேன் என்கிறார் கணவர். எந்த முகத்தோடு போவேன்?