ஆம்பூரிலிருந்து பாகாயத்துக்கு ஐயருக்கு ஒரு கல்

பாக்கியநாதன் ஐயர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை, அவருடைய நினைவு ஆராதனைக்காக வேலூர் போய்வந்தேன். அந்தப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் கூப்பிடுவார்கள். சாதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் கிறிஸ்தவன் இல்லை. சென்னை பெரியமேட்டில் ஷூ சோல், லைனிங் வியாபாரம் செய்கிறேன்.

வைத்தியத்துக்காக வேலூர் வரும் வெளிமாநிலத்துக்காரர்களில் சிலர் அங்கேயே இறந்துபோவார்கள். உடலை ஊருக்குக் கொண்டுபோக முடியாதவர்களுக்கு, பாகாயம் தாண்டி இருக்கும் தன் சபைக் கல்லறைத் தோட்டத்தில் ஐயர் இடம் கொடுத்தார். என்ன மதம் என்று கேட்டதில்லை. என் கிடங்கில் வேலை பார்த்த ஒடிசாக்காரன் சுரேனும் அங்கேதான் இருக்கிறான். "நீங்க வர்ற வரைக்கும் பாடிய வெச்சிருக்கட்டுமா?" என்று ஐயர் போனில் கேட்டார். அன்று எனக்குச் சரக்கு இறங்கும் நாள். வேண்டாம் என்றேன். அந்த உறுத்தலில்தான், ஐயருடைய கல்லறைக்குக் கல் நான் செய்து தருகிறேன் என்று ஐயரம்மாவிடம் முந்திக்கொண்டேன்.

காலை 6.25 ரயில், உட்காரும் வகுப்பு 105 ரூபாய், 9.20க்கு ஆம்பூர். ஐயர் ஆம்பூர்க்காரர், தோல் பதனிடும் டேனரித் தொழிலாளியின் மகன். அதனால் கல்லை அந்த ஊர்ப் பட்டறையிலேயே சொல்லியிருந்தேன். மூன்றடி உயரக் கறுப்பு கிரானைட். ஏற்றுவதற்குள் பத்தே முக்கால். பிரியாணி கடையில் உட்கார்ந்தே சாப்பிட நேரம் இருந்தது. கத்திரிக்காயோடு 160 ரூபாய், குறை சொல்ல ஒன்றுமில்லை.

குட்டி யானை வண்டிக்கு 2,200 பேசினேன். டிரைவர் சலீம், கல்லைக் கயிறு போட்டுக் கட்டும்போது கீழே குனிந்து படித்தார்.

"அண்ணா, கல்லுல உங்க பேர் கீதே. நீங்க நல்லாதான கீறீங்க?"

"உபயம்னு போட்டிருக்கு, சரியா படி."

"படிச்சேன். தூரத்துல இருந்து பாத்தா ரெண்டு பேர் உள்ள இருக்கற மாதிரி கீது."

ஃபேன், பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி என்று எதைக் கொடுத்தாலும் கொடுத்தவர் பெயரைப் போடுவது எங்கள் பழக்கம். கல்லுக்கும் அப்படியே சொல்லிவிட்டேன். அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாதனூர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம் வழியாக 56 கிலோமீட்டர். கல் ஆடாமல் இருக்க மெதுவாக வந்ததில் இறங்கும்போது 12.40. ஐயரம்மா குடையோடு கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றிருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"கீழ இது என்னங்க?"

"சும்மா ஒரு வரிம்மா."

"இங்க படுத்திருக்கறவங்க பேர் மட்டும்தான் இருக்கணும்னு சொல்லுவாரு. காம்பவுண்டு கட்டிக் குடுத்தவர் பேரையே எடுக்க வெச்சாரு. அவர் தலைமாட்டுலயே உங்க பேர வெச்சா எப்படிங்க? இந்த வரியோட கல்லு நிக்காது. ஒரு வருஷம் கல்லு இல்லாம கெடந்தாரு, இன்னும் கொஞ்ச நாள் கெடக்கட்டும்."

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு மணிக்கு ஆராதனை, ஜனம் வரப்போகிறது, கல் வண்டியிலேயே கிடக்கிறது. பேச்சை வளர்க்காமல் கல்லறை வரிசைப் பக்கம் நடந்தேன். ஐயர், தான் அடக்கம் செய்த வெளியூர்க்காரர்களின் வரிசைக் கடைசியில்தான் இருக்கிறார். அதே வரிசையில் சுரேனுக்கும் ஒரு சின்னக் கல். பெயர், ஊர், அவ்வளவுதான். அதற்கு நான் எதுவும் கொடுத்ததில்லை. யார் கொடுத்தார்கள் என்று தேடினேன், எங்கும் எழுதியிருக்கவில்லை.

திரும்பி வந்து, கல் நடுவதற்காகக் காத்திருந்த கொத்தனாரிடம் அந்த வரியைத் தேய்க்க முடியுமா என்று கேட்டேன். "மெஷினுக்கு ஆம்பூருக்கே போவணும்" என்றார். அப்படியானால் இன்னும் அரை அடி ஆழமாகத் தோண்டிக் கல்லை இறக்கினால் என்ன என்று கேட்டேன். கடைசி வரி முழுக்க சிமெண்டுக்குள் போய்விடும்.

ஐயரம்மா கொஞ்சம் யோசித்தார். "உள்ள போனா எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. உள்ள நடக்கறத அவர் பாத்துக்குவாரு" என்றார். சலீம் திரும்பி நின்று சிரித்தார்.

மூன்றேகாலுக்குக் கல் நின்றது.

போக நினைப்பவர்களுக்கு: காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து பாகாயத்துக்கு டவுன் பஸ் உண்டு, ஆட்டோ என்றால் 350 கேட்பார்கள், 300க்கு வருவார்கள். தோட்டத்தில் நிழல் கம்மி, தொப்பியும் தண்ணீரும் அவசியம். பூ வாங்கினால் ஐயருக்கு மட்டும் வாங்காதீர்கள், வரிசை நீளம்.

ஆராதனை முடிவில் ஒரு வழக்கம், ஐயர் ஆரம்பித்து வைத்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு கல்லின் முன் நின்று, அதில் இருப்பதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். சொந்தக்காரர்கள் வர முடியாதவர்களின் பெயர் வருடத்துக்கு ஒரு தடவையாவது வெளியே கேட்கட்டும் என்பார். வங்காளப் பெயர்களை எல்லோரும் தப்புத் தப்பாகத்தான் படித்தார்கள்; யாரும் திருத்தவில்லை. கடைசிக் கல்லுக்கு வந்ததும் ஐயரம்மா என்னைப் பார்த்து, "நீங்க படிங்க" என்றார்.

"பாக்கியநாதன். ஆம்பூர்."

பழக்கதோஷத்தில் அடுத்த வரிக்குக் கண் போனது. அங்கே சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது.