கலர் அக்கா எடுத்த மஞ்சள்

எங்கள் கல்யாண ஃபோட்டோ ஸ்டூடியோவின் எடிட்டிங் ரூமுக்குச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வரக்கூடாது. பச்சையும் ஆகாது. இது தெரியாமல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஆசையாக ஒரு சிவப்பு டாப்ஸ் மாட்டிக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டில் இருந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உன் சட்ட ஸ்கிரீன்ல அடிக்குது. கல்யாணப் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கு. நாளைக்கு சாம்பல் கலர்ல வா” என்றாள். பேர் என்ன, ஊர் எது என்று ஒரு கேள்வி கிடையாது. அவள்தான் கலர் அக்கா.

அந்த ரூமில் நாங்கள் நாலு பேர். சுவர் நாலும் சாம்பல் நிறம், இருந்த ஒரே ஜன்னலும் கறுப்பு அட்டை வைத்து அடைக்கப்பட்டிருந்தது. வெளியே மழையா வெயிலா என்று டீ கொண்டுவருகிறவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வோம். கல்யாணத்தில் எடுத்த மூவாயிரம் படங்கள் முதலில் அக்காவிடம் போகும். அவள் நிறத்தைச் சரிசெய்து அனுப்புவாள், நான் அவற்றை ஆல்பத்தில் பக்கம் பக்கமாக அடுக்குவேன். பூசி மெழுகுவதற்குச் சம்பளம் வாங்கும் ஆட்கள் நாங்கள். அதில் எனக்கு வெட்கமெல்லாம் இல்லை.

அக்காவின் பெருமை அவள் செய்த ப்ரீசெட். கல்யாண ஹால்களில் பல்பு எல்லாம் மஞ்சள். அதன் கீழே நிற்கிறவர்கள் எல்லோரும் பழைய பேப்பர் மாதிரி இருப்பார்கள். ஒவ்வொரு படமாகத் திருத்தினால் ஒரு கல்யாணத்துக்கு ஒரு வாரம் ஆகும். அக்கா இரண்டு வருஷம் உட்கார்ந்து, மஞ்சளை முப்பது குறை, ஆரஞ்சைக் கொஞ்சம் சிவப்புப் பக்கம் தள்ளு, கண்ணின் வெள்ளையை ஏற்று என்று பார்த்துப் பார்த்து அமைத்து, எல்லாவற்றையும் ஒரே பட்டனில் சேர்த்துவைத்திருந்தாள். ‘அக்கா 7’ என்று அதற்குப் பெயர். முதல் ஆறும் அவளுக்கே பிடிக்கவில்லை. கேமரா கார்டைச் செருகினால் போதும், படங்கள் உள்ளே வரும்போதே அக்கா 7 தானாக ஏறிவிடும். அசல் படம் அடியில் அப்படியே இருக்கும், ஆனால் அதைத் தேடிப் போய்ப் பார்க்க யாருக்கு நேரம்?

“மஞ்சள் ஆள்ல இல்லடி, லைட்ல இருக்கு” என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வாள். புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் முதல் பாடம்.

அக்காவின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அக்கா புருஷன் என்றால் எங்களுக்கு மாமாதானே, ரூம் முழுக்க அவருக்கு மாமா என்றுதான் பேர். நகரத்தில் பாதிக் கட்டடங்களில் மேலும் கீழும் போகிறவர்கள் அவர் கைவண்ணத்தில்தான் போகிறார்கள். சாயங்காலம் அக்காவைக் கூட்டிப்போக வருவார். என்னைப் பார்த்து, “ஆல்பம் மேடம், எங்க கல்யாண ஆல்பத்தையும் ஒரு தடவ சரிபண்ணிக் குடுங்க. அதுல நான் இளைச்சுப் போயிருக்கேன், இவ கொடும அப்பவே தெரியுது” என்பார். அக்கா முறைப்பாள். பிள்ளைகள் இல்லை. ஒருத்தருக்கு ஒருத்தர் என்று பதினாறு வருஷம் இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியூரில் இருக்கும் மாமாவின் தங்கை வீடியோ காலில் கூப்பிட்டிருக்கிறாள். அண்ணனைப் பார்த்ததும் முதல் பேச்சே, “அண்ணி, என்ன அண்ணன் மூஞ்சி இப்படி மஞ்சளா இருக்கு? கண்ணுகூட ஒரு மாதிரி இருக்கே.” அக்காவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. நிறத்தைப் பற்றி அவளுக்கே ஒருத்தி பாடம் எடுப்பதா? “அது லைட்டும்மா. உங்க ஃபோன் கேமராவும் ஒரு தினுசு” என்று சொல்லிவிட்டு, ஸ்டூடியோவிலிருந்து புது லென்ஸைச் சோதித்துப் பார்க்கக் கொண்டுபோயிருந்த கேமராவை எடுத்து, மாமாவைப் பனியனோடு ஜன்னல் பக்கத்தில் உட்காரவைத்து நாலு படம் எடுத்தாள்.

திங்கட்கிழமை அந்தக் கார்டை எங்கள் முன்னால்தான் செருகினாள். அக்கா 7 ஏறியது. திரையில் மாமா ஜம்மென்று இருந்தார். “இங்க பாருங்க” என்று ஒரு கீயை அழுத்தினாள், அசல் வந்தது, மஞ்சள். விட்டாள், மஞ்சள் போயிற்று. அழுத்தினாள், விட்டாள். “என் நாத்தனார் கண்டுபிடிச்ச வியாதி இதுதான்!” என்றாள். நாங்கள் நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். “காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். உன் நாத்தனார முதல்ல டெஸ்ட் பண்ணச் சொல்லு” என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். காமாலை என்ற வார்த்தை என் வாயிலேயே வந்தது. வந்தும் உறைக்கவில்லை. அதற்காக என்னை நானே எத்தனை தடவை திட்டிக்கொண்டாலும் போதாது.

சரிசெய்த படத்தை அக்கா நாத்தனாருக்கு அனுப்பினாள். ‘அப்பாடா, இப்பதான் நிம்மதி’ என்று அங்கிருந்து பதில் வந்தது.

அடுத்த இரண்டரை மாதத்தில் மாமாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது. அக்கா சோப்பை மாற்றினாள். சாப்பாடு இறங்கவில்லை என்றார், கண்ட நேரத்தில் டீ குடிப்பதை நிறுத்தச் சொன்னாள். ஒரு நாள் அவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போயிருந்தார். லிஃப்ட்டுக்காகத் தள்ளுவண்டியோடு காத்திருந்த நர்ஸ் அவர் கண்ணைப் பார்த்தாள். “அண்ணே, அந்த ஸ்குரூ டிரைவர கீழ வச்சிட்டு என்கூட வாங்க” என்று கையோடு கூட்டிப்போனாள். மூன்று நாளில் எல்லாம் தெரிந்துவிட்டது. பித்தக்குழாயில் கட்டி, ஈரலிலும் பரவியிருந்தது.

தங்கை அடித்துப்பிடித்து ஓடிவந்தாள். டாக்டர் முன்னால் அக்காவும் அவளும் உட்கார்ந்திருந்தார்கள். “மஞ்சள் எப்பலருந்து இருக்கு?” என்று டாக்டர் கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் தங்கை ஃபோனை நீட்டினாள். “சார், ரெண்டரை மாசத்துக்கு முன்னாடி எடுத்த ஃபோட்டோ, தேதியோட இருக்கு. எனக்கே அப்ப சந்தேகம் வந்துச்சு, அண்ணி உடனே எடுத்து அனுப்பினாங்க. பாருங்க, சுத்தமா ஒண்ணுமில்ல.” டாக்டர் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணைப் பார்த்தார். “அப்ப இது வேகமா வளர்ந்த கட்டிதான். அப்பவே மஞ்சள் இருந்து நீங்க வந்திருந்தா, வெட்டி எடுத்திருக்கலாம். இப்ப யாரையும் குத்தம் சொல்ல முடியாது” என்று சொல்லியபடியே எழுதிக்கொண்டார்.



மறுநாள் அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தாள். அந்த நாலு படங்களைத் திறந்து ரீசெட் கொடுத்தாள். அக்கா 7 விலகியது. மாமா மஞ்சளாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டு, “பனியனப் பாரு” என்றாள்.

பனியன் வெள்ளையாக இருந்தது. லைட் மஞ்சளாக இருந்தால் பனியனும் மஞ்சளாகத்தான் இருக்கவேண்டும். முகத்தைப் பார்க்காதே, முதலில் படத்தில் வெள்ளை எங்கே இருக்கிறதென்று தேடு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அன்றைக்கு நாலு பேர் நின்று பார்த்தோம். பதினைந்து வருஷம், எட்டு வருஷம் என்று ஆளுக்கொரு அனுபவம். ஒருத்தர் கண்ணும் பனியன் பக்கம் போகவில்லை. அவள் மவுஸை வைத்து நிறத்தை அளக்கிற கருவியைப் பனியன் மேல் வைத்தாள், பிறகு கண்ணின் வெள்ளை மேல் வைத்தாள். எண்கள் வந்தன. மறுபடி மறுபடி வைத்துக்கொண்டே இருந்தாள். நான் மானிட்டரை அணைத்தேன்.

அதற்குப் பிறகு அவளைத் தினம் தினம் கொன்றது அந்த வீட்டு மனுஷர்களின் நல்ல குணம்தான். நாத்தனார் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். வருகிறவர்களிடமெல்லாம், “எங்க அண்ணி மாதிரி யார் பாத்துப்பா? நான் ஒரு வார்த்த சொன்னதும் ஃபோட்டோ எடுத்து அனுப்பினவங்க” என்பாள். மாமாவும், “சொல்லாம கொள்ளாம வந்துடுச்சு, இவ என்ன பண்ணுவா பாவம்” என்பார்.

ஒரு மத்தியானம் அக்கா என்னிடம், “அவர்கிட்ட சொல்லப்போறேன், கூட வா” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. “சொல்லி என்ன ஆகப்போகுது? உன் பாரத்த இறக்கி வைக்க அவர் தலதான் கெடச்சுதா? நிம்மதியா விடேன் அந்த மனுஷன” என்றேன்.

“எனக்கு நன்றி சொல்லிக்கிட்டே சாகப்போறார்டி. அத என்னால தாங்க முடியாது.”

தப்பு என்று இப்போதும் சொல்வேன். ஆனாலும் போனேன்.

நாத்தனார் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மாமா பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்து, “வாங்க ஆல்பம் மேடம்” என்றார், குரல் சரியாக வரவில்லை. அக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அன்றைக்கு மஞ்சள் இருந்தது, நான்தான் எடுத்துவிட்டேன், தங்கச்சி சரியாகத்தான் சொன்னாள், நான்தான் அவள் வாயை அடைத்தேன், அன்றைக்கே வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாமாம். ஒன்றையும் மறைக்கவில்லை. பனியனைப் பற்றியும் சொன்னாள்.

மாமா அதிர்ச்சி அடைந்தவர் மாதிரி எனக்குத் தெரியவில்லை.

“எல்லா லிஃப்ட்டுலயும் கண்ணாடி இருக்கும்ல” என்றார். “ஒரு நாளைக்கு அஞ்சாறு கட்டடம் போவேன். ஒண்ணுல வெள்ள லைட்டு, ஒண்ணுல மஞ்ச லைட்டு, கண்ணாடி லிஃப்ட்டுன்னா வெயிலே உள்ள வரும். எல்லாத்துலயும் என் கண்ணு ஒரே மாதிரிதான் இருந்துச்சு. மஞ்சளா.”

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள்.

“டாக்டர்கிட்ட போலாம்னு தோணாம இல்ல. உன்கிட்டயும் கேட்டேன், கண்ணு மஞ்சளா இருக்கான்னு. லேப்டாப்ல வேலையா இருந்த. ரூம் பல்ப மாத்துங்கன்னு சொன்ன. வெள்ள பல்பு வாங்கி மாத்தினேன். அப்புறம் அந்த ஃபோட்டோவக் காமிச்ச. சரி, எனக்குத்தான் பாக்கத் தெரியல, நிறத்தப் பத்தி உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்.”

அவர் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். ஒரு நல்ல மெக்கானிக் இன்னொரு நல்ல மெக்கானிக்கைப் பற்றிச் சொல்வது மாதிரிச் சொன்னார். அக்கா, “இன்னொரு தடவ கேட்டிருக்கக்கூடாதா?” என்றாள். கேட்டதும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தங்கச்சிகிட்ட சொல்லாத” என்றார் மாமா. “அவளுக்கு என்ன விட்டா நீதான் இருக்க. உனக்கும் வேற யாரு? போய் மூஞ்சியக் கழுவிட்டு வா, அவ வந்துடுவா.”

அக்கா எழுந்து போனாள். நான் தலையணையைச் சரிசெய்வது மாதிரி நடித்துக்கொண்டு நின்றேன். மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் என் வாயால் சொன்ன அந்தப் பழமொழியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

மூன்று வாரத்தில் அவர் போய்விட்டார்.

நாத்தனார் வாரம் தவறாமல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுகிறாள். பக்கத்து சீட்டில் இருக்கும் எனக்கே கேட்கும் அளவுக்கு உரத்த குரல் அவளுக்கு. “உங்களையே நீங்க போட்டு வருத்திக்காதீங்க அண்ணி. அந்த ஃபோட்டோவ இன்னும் என் ஃபோன்ல முன்னாடி வச்சிருக்கேன். எவ்வளவு நல்லா இருந்தாங்க அண்ணன், யாருக்குத் தெரியும்?” என்கிறாள். அக்கா, “ஆமாம்மா, ஆமாம்” என்கிறாள். பேசி முடித்ததும் சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடிவைத்துவிட்டு, அடுத்த கல்யாணத்துக் கார்டைச் செருகுகிறாள்.